மேனஸின் வில் கை

மேனஸ் ஹெராட்டி உயிரோடு இருந்தவரை அவனைப் பற்றிக் கிளென்வாராப் பள்ளத்தாக்கில் இரண்டே அபிப்பிராயங்கள்தான். நன்றாகப் பிடில் வாசிப்பான்; ஆடுகளைக் கவனிக்க மாட்டான். செத்த கொஞ்ச நாளிலேயே அவன் ஒரு பிடில் பாணிக்குத் தந்தையாகிவிட்டான். அடுத்த பள்ளத்தாக்குக்காரர்களுக்கு ஏற்கெனவே ஒரு பாணி இருந்தது. அதைக் கற்றுக்கொள்ள ஜெர்மனியிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அறை எடுத்துத் தங்கினார்கள். நமக்கு மட்டும் ஏன் இல்லை என்று கான்டி மக்ஃபாடன் கமிட்டி போட்டான். ஒரே கூரையின் கீழ் மதுக்கடையும் சவ அடக்க வியாபாரமும் நடத்துகிறவன் அவன். டப்ளினிலிருந்து டாக்டர் லோர்கன் டிரேசி என்ற ஆராய்ச்சியாளர் வந்து பாணியைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். பாணிக்கு இறந்துபோன ஒரு மேதை தேவைப்பட்டார். கான்டியிடம் இறந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

ஆகஸ்ட் மாதம், விழா நாள். வெளியே தூறலில் துணி போர்த்திய நினைவுக் கல் நின்றது. தேவாலய மண்டபத்தில் முன்வரிசையில் மேனஸின் தங்கை ரோஷா உட்கார்ந்திருந்தாள். துறைமுகத்து மீன் ஆலையில் கானாங்கெளுத்திக்குத் தலை வெட்டியே ஓய்வு பெற்றவள். மடியில் பிடில் பெட்டி. இன்று அதைத் திறக்க வேண்டுமென்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

டாக்டர் இசைத்தட்டைச் சுழல விட்டார். பிடிலின் கீழ்க் கம்பியில் ரீல் என்கிற வேக நடன மெட்டு ஒன்று உறுமிக்கொண்டு கிளம்பியது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வில் வீச்சு, வெட்டி வெட்டி.

"கேக்குறீங்களா? மத்த ஊர்க்காரங்க எல்லாம் மேல பறப்பாங்க. மேனஸ் மண்ணுல நடக்கிறார். கிளென்வாராப் பாணியோட உயிரே இந்த உறுமல்தான்."

மண்டபம் தலையாட்டியது. ரோஷா ஆட்டவில்லை. உறுமியது அவள்.

அந்தப் பக்கத்தில் இரண்டு பிடில்கள் சேர்ந்தால் ஒன்று மெட்டை மேலே வாசிக்கும், மற்றது அதே மெட்டை ஒரு ஸ்தாயி இறங்கி அடியில் வாசிக்கும். ஹெராட்டி வீட்டு அடுப்படியில் மேலே மேனஸ், அடியில் ரோஷா. வானொலிக்காரன் ஒருவன் பதிவுக் கருவியோடு வந்தபோது மேனஸ் அதை விஷ ஜந்துவைப் பார்ப்பதுபோல் பார்த்தான். வாசலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு, கதவைப் பார்த்து உட்கார்ந்துகொண்டுதான் வாசித்தான். மைக் அடுப்புப் பக்கம், ரோஷாவின் முழங்காலருகே இருந்தது. ஆகவே அந்த நாடாவில் அவள் இடி, அவன் கொசு.

"மூல நாடாவுல மேல ஒரு கீச்சுச் சத்தம் இருந்துச்சு," என்றார் டாக்டர். "இயந்திரக் கோளாறு. இந்தத் தட்டுல அதைச் சுத்தமா துடைச்சு எடுத்துட்டோம்."

ரோஷா எழுந்தாள்.

"அது மேனஸ் இல்ல டாக்டர். நான்."

"ஏ ரோஷா, உக்காரு," என்றான் கான்டி. "டீ குடிக்கிறப்போ பேசிக்கலாம்."

"டீ குடிக்கிறப்போ உன் வாய் நிறைய கேக் இருக்கும் கான்டி. நான் இப்பவே பேசுறேன். கோளாறுன்னு துடைச்சீங்களே, அதுதான் எங்க அண்ணன்."

சிரிப்பு எழுந்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பரிவு காட்டுகிற ரகம். "உங்க துக்கம் புரியுதுங்க. நெருங்கின உறவுல ஞாபகம் ஒண்ணோட ஒண்ணு கலந்துபோறது சகஜம். அதைப் பத்தி நானே ஒரு கட்டுரை எழுதியிருக்கேன்."

"நான் செத்தப்புறம் இன்னொண்ணு எழுதுங்க. இப்பக் கேளுங்க."

பெட்டியைத் திறந்தாள். அதே ரீலை, அதே கீழ்க் கம்பியில் எடுத்தாள். வில் குட்டை குட்டையாக விழுந்தது, பலகையில் கத்தி விழுவதுபோல். முடித்து வில்லை இறக்கியபோது, ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"ரத்தம்!" என்றார். "இதுக்குப் பேர்தான் ரத்தம். அண்ணனை அப்படியே உரிச்சு வச்சிருக்கீங்க! அவரோட பாணி குடும்பத்துக்குள்ள வேரோடியிருக்குன்னு நான் எழுதினதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. ரோஷா பிடிலைப் பெட்டிக்குள் வைக்கப் போனாள்.

"இப்போ ரெண்டு பேரும் சேர்ந்து வாசிப்போம்," என்று டாக்டர் தன் பிடிலை எடுத்தார். "நான் மேனஸோட கீழ்ப் பகுதி. நீங்க உங்களோட மேல் பகுதி."

மாட்டேன் என்று அவள் சொல்லியிருக்கலாம். ஆனால் தட்டில் அவனைத் துடைத்தாகிவிட்டது. அவன் வாசித்தது இந்த மண்டபத்தில் ஒரு தடவையாவது கேட்க வேண்டுமென்றால், வாசிக்க அவளை விட்டால் வேறு ஆளில்லை. மேடையேறிப் பிடிலைத் தாடையில் வைத்தாள்.

முதல் பாதி எப்படியோ நடந்தது. இரண்டாம் பாதியின் திருப்பத்தில் மேனஸ் ஒரு தாவு தாவுவான். ஆயுசு முழுக்க அந்தத் தாவலை அவள் அடியிலிருந்தே கேட்டிருக்கிறாள். மேல்மாடிக்காரனின் நடையை அவன் காலடிச் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வதுபோலத்தான் அது அவளுக்குத் தெரியும். அந்த இடம் வந்தபோது விரல் மேலே போகவில்லை. தானாகவே இறங்கி, பழகிய கீழ்க் கம்பியில் போய் உட்கார்ந்தது. அங்கே டாக்டர் ஏற்கெனவே இருந்தார். இருவரும் அடியிலேயே வாசித்தார்கள், மேலே யாருமில்லை. அந்த வெற்றிடம் அவளுக்குக் கேட்டது. மண்டபத்துக்குக் கேட்டது, ஒரு கிழவி தவறவிட்டது மட்டும்தான்.

"பாவம்," என்றாள் பின்வரிசையில் ஒருத்தி. "இவளை வச்சுகிட்டு மேனஸ் எப்படித்தான் வாசிச்சானோ."

"பொறுமைசாலி அவன்," என்றது இன்னொரு குரல். மேனஸின் மீது இதுவரை யாரும் சுமத்தாத குணம் அது.

மேடையிலிருந்து இறங்கியவளைக் கான்டி தோளில் தட்டி ஓரங்கட்டினான். சாவு வீட்டுக்கென்று வைத்திருக்கும் குரலில் பேசினான்.

"உன் பேரும் கல்லுல வரணும்னுதானே ஆசைப்படுற? நேரா கேட்டிருக்கலாமே. 'சகோதரி ரோஷாவும் உடன் வாசித்ததுண்டு'ன்னு செதுக்கச் சொல்றேன். கீழ கொஞ்சம் இடம் இருக்கு."

"கீழயா?"

"மேல எல்லாம் மேனஸ்தானேம்மா."

"இப்பதான் கான்டி, நீ ஒரு உண்மையைச் சொல்லியிருக்க," என்றாள் ரோஷா. அவன் அதை நன்றியாக எடுத்துக்கொண்டான்.

வெளியே எல்லோரும் குடையோடு நின்றார்கள். பாதிரியார் ஜெபித்தார், கான்டி பேசினான், தூறல் மழையானது. துணியை விலக்கும் கயிற்றை அவள் கையில் கொடுத்தார்கள். மெதுவாக, மரியாதையாக இழுக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள். கயிறு அறுந்தது, ஈரத்துணி கல்லிலிருந்து பிய்ந்து வந்து கான்டியின் காலில் விழுந்தது.

டாக்டர் பக்கத்திலிருந்தவரின் காதருகே குனிந்தார்.

"பாத்தீங்களா அந்த இழுப்பை? மேனஸோட வில் கை அப்படியே!"