உள்தாழ்ப்பாள்

ஈப்போ ஓரத்துச் சிலிபினில் பால்காரப் பிச்சைமுத்துவின் மாட்டுக்கொட்டகை மூலையைச் சாக்குப் படுதாவால் மறைத்துக்கொண்டு இருளாயியும் அவள் புருஷன் உடையப்பனும் குடித்தனம் நடத்தினார்கள். ரப்பர் விலை விழுந்த வருஷம் தோட்டம் அவர்களைக் கைகழுவிவிட்டது. உடையப்பனுக்கு ஈப்போவில் ரோடு போடும் வேலை கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடான லயத்தில் கதவாவது இருந்தது. ஆனால் விடியுமுன் கங்காணி பிரம்பால் தட்டினால் அது தானே திறந்துகொள்ளும். இங்கே அதுவும் இல்லை. மாட்டுக்குத் தோன்றினால் படுதாவுக்குள் தலையை நீட்டும். உள்ளே தாழ்ப்பாள் வைத்த ஒரு கதவு, அவ்வளவுதான் இருளாயி கேட்டது. மாரியம்மனிடமும் அதையேதான் கேட்டாள்.

அன்று சாயங்காலம் பால் வாங்க வந்தார் லூர்துசாமி. நகரப் போர்டில் துரைமார்களுக்கு மொழிபெயர்க்கும் கிராணி, அதாவது குமாஸ்தா, அவர்.

"அந்தப் பழைய ரப்பர் காட்டுல வாடகை வீடு கட்ட ஒரு தவுக்கே, சீன மொதலாளி, கேட்டிருக்காரு. அது பயிர் நெலம். வீட்டு நெலமா மாத்த போர்டு ஒத்துக்கணும். காலையில தொரைங்க பாக்க வாராங்க. ஒரு தொரை மட்டும் வேணாம்னு பிடிவாதமா நிக்கிறாரு. 'லயத்துல காசில்லாம சும்மா இருந்து பழகின கூலிங்க, வாடகைக்கு எவன் வருவான்? வீடு காலியாத்தான் கெடக்கும்'கிறாரு."

இவ்வளவு சொன்னார் பாவம். இருளாயி காதில் ஏறியது 'காலையில', 'தொரை' இரண்டும்தான். காலையில் துரை வந்தால் அது பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. வரிசையில் நின்றவனுக்கு வேலையும் தங்க ரூம்பும் உண்டு, நிற்காதவன் பெயரை அடித்துவிடுவார்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறென்ன தெரியும்? காலில் சக்கரம் கட்டியவள்போல சிலிபின், பக்கத்துப் புந்தோங் எல்லாம் சுற்றிச் செய்தி சொல்லிவிட்டாள்.

மறுநாள் மோட்டார் வண்டியிலிருந்து இறங்கிய துரைமார்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். வெட்டிய ரப்பர் மரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவே ஆண்கள் தனி வரிசை, பெண்கள் தனி வரிசை. சட்டி, பானை, சுருட்டிய பாய், வீரம்மா இடுப்பில் ஒரு கோழி, சன்னாசி தோளில் அம்மிக்கல்.

லூர்துசாமி ஓடி வந்தார். "என்ன கூத்து இது இருளாயி? இன்னும் முடிவே ஆகலையே! சட்டி பானையோட வந்து நிக்கிறீங்க?"

"பெரட்டுல நின்னா கையோட ரூம்பு குடுப்பாங்கன்னு நெனச்சேங்கய்யா."

"இது தோட்டமா? இனிமேதான் வீடே கட்டணும்!"

ஊரையே கூட்டிவந்து சிரிக்க வைத்துவிட்டோமே, கிடைக்க இருந்ததும் தன்னால் கெட்டுப்போகுமோ என்று இருளாயிக்கு அழுகை முட்டியது.

அந்தப் பிடிவாதக்காரத் துரை முன்னால் வந்தார். பல வருஷம் தோட்டத்து மானேஜராக இருந்தவர். பெரட்டைப் பார்த்ததும் கால் தானாக வரிசையோடு நடந்தது. இருளாயி முன் நின்று தன் தோட்டத்துத் தமிழை எடுத்துவிட்டார்.

"ஏ பொம்பளை! இது சும்மா வீடு இல்லே. வாடகை கேக்கும். குடுக்குமா?"

பெரட்டில் அவள் துரை முகத்தைப் பார்த்ததே கிடையாது. அன்று நிமிர்ந்து பார்த்தாள்.

"குடுப்போம் தொரை. கதவுக்கு உள்ளாற தாப்பா இருக்குமா?"

துரைக்குப் புரியவில்லை. லூர்துசாமி இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. விடியுமுன் லயத்துக் கதவுகளைத் தட்டச் சொல்லிக் கங்காணிகளை அனுப்பியவர் அவர்தானே. வண்டிக்குத் திரும்பினார். இருளாயி பானையைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குத் திரும்பினாள்.

போர்டு கூட்டம் முடிந்ததும் லூர்துசாமி பால் செம்பைக்கூட எடுக்க மறந்து ஓடி வந்தார். "அந்தத் தொரைதான் மொதல்ல கை தூக்கினாரு! ஆள் வராதுன்னு சொன்ன அதே வாயால, இன்னும் ஒரு வரிசை சேத்துக் கட்டச் சொல்லுன்னாரு!"

இருளாயி கைகொட்டிச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள்.

வீடு கட்டி முடிந்து குடிபோன முதல் விடியல். இருட்டோடு வெளியே போன உடையப்பனுக்குப் பின்னால் தாழ் போட்டுவிட்டு மறுபடி கண்ணயர்ந்திருந்தாள் இருளாயி. கதவு தட்டும் சத்தம் கேட்டு, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்தாள். கதவில் கை வைத்தபோது தாழ்ப்பாள் தட்டுப்பட்டது. அப்போதுதான் எங்கே இருக்கிறோம் என்பது நினைவு வந்தது.

"யாரு?" என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கேட்டதில்லை.

"நான்தான் புள்ள. தண்ணி கொண்டாந்திருக்கேன், கதவத் தொற."

உடையப்பன் குரல்தான். தெரிந்தும் தாழ்ப்பாளைப் பிடித்தபடி இன்னொரு தடவை கேட்டாள்.

"யாரு?"