வெந்நீர் போன வழி

சேவூரில் அந்த மாடி வீட்டில் இரண்டு குடும்பங்கள் ஒரே வாசலில் புழங்கி வந்தன. கீழே மூத்தவர் தனசேகரன், அவர் மனைவி ஸ்வர்ணலதா, அவர்களோடு தனசேகரனின் அப்பா பச்சையப்பன். மேலே தம்பி சிவகுமார், அவன் மனைவி திலகவதி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் கற்பகம். அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து பட்டுச் சேலை வியாபாரம் பார்த்தார்கள். திலகவதி ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடையில் சேலைக் கரைகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டாள். ஓரகத்திகள் இருவரும் ஒரே கிரைண்டரில் மாவு ஆட்டிப் பங்கு போட்டுக்கொள்கிற அளவுக்கு ஒற்றுமை.

அந்த ஒற்றுமையில் கல் விழுந்தது மொட்டை மாடியில் சோலார் வைத்த பிறகுதான்.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அது. சோலார் வைத்த புதிதில் எல்லோருக்கும் பெருமை. அடுப்பும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம், குழாயைத் திறந்தால் வெந்நீர் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மழை விட்டு மார்கழி பிறந்ததும் மாடிக் குளியலறையில் தகராறு ஆரம்பித்தது. குழாயைத் திறந்தவுடன் நல்ல சூடாக வரும். கற்பகத்தின் தலையில் சீயக்காய் தேய்த்து முடிப்பதற்குள் வெதுவெதுப்பாகி, அப்புறம் ஜில்லென்று கொட்டும். அபூர்வமாக ஒரு நாள் கடைசி வரை சூடாகவே வந்து ஆசை காட்டும். மறுநாள் பழைய கதை. கற்பகத்துக்கு ஏற்கெனவே வீசிங். பச்சைத் தண்ணீர் தலையில் பட்டால் போதும், நெஞ்சுக்குள் கீச்சுக் கீச்சென்று சத்தம் வந்துவிடும்.

சிவகுமார் பிளம்பர் ஆல்பினை அழைத்து வந்தான். ஆல்பின் சோலார் டேங்கைக் கழுவினான், குழாயில் அடைத்திருந்த காற்றை எடுத்துவிட்டான். கொஞ்ச நாள் தேவலாம் போலத் தெரிந்தது. மறுபடியும் அதே ஜில்லிப்பு. இரண்டாம் முறை வந்தவன் சுற்றிப் பார்த்துவிட்டு, "கீழ தொறந்தா மேல வராதுக்கா. கீழ இருக்கறவங்களுக்குத்தான் பிரஷர் ஜாஸ்தி. அவங்க குளிச்சி முடிச்சப்புறம் நீங்க குளிங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

திலகவதி அதை மனதோடு வைத்துக்கொண்டிருக்கலாம். அன்றைக்குக் கற்பகத்தை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்த களைப்பு. மாடிப்படியில் நின்றபடியே கேட்டுவிட்டாள்.

"அக்கா, காலைல நீங்க கொஞ்சம் கம்மியா சுடுதண்ணி புடிக்கக் கூடாதா? பாப்பா குளிக்கறதுக்குள்ள தீந்துடுது."

துணி உலர்த்திக்கொண்டிருந்த ஸ்வர்ணலதா திரும்பினாள். "நான் எங்க புடிக்கறேன்? எங்க சமையக்கட்டுல பச்சத்தண்ணி கொழாயைத் தொறந்தாலே காலைல வெதவெதன்னு வருது. குடிக்க முடியல. அதுக்கு நான் யாரைக் கேக்கறது?"

"பின்ன சுடுதண்ணி எங்கதான் போவுது?"

"நாங்க இன்னா திருடிகினா போறோம்?"

ஸ்வர்ணலதா பாதித் துணியை வாளியிலேயே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து மாவு தனித்தனியாக ஆடியது. கற்பகம் மட்டும் பெரியம்மா வீட்டுக்கும் அம்மா வீட்டுக்கும் படியேறி இறங்கிக்கொண்டிருந்தாள்.

தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தனசேகரனும் ஸ்வர்ணலதாவும் போளூரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு விடியற்காலையிலேயே கிளம்பிப் போனார்கள். சிவகுமார் முள்ளிப்பட்டுக்குத் தறிக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தான். கீழே மாமா பச்சையப்பன் மட்டும் குளித்து, வேட்டி மாற்றி, வாசலில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார்.

இன்றைக்காவது பிள்ளைக்கு நல்ல சூடு கிடைக்கும் என்று திலகவதி நிம்மதியாகக் குழாயைத் திறந்தாள். கற்பகத்தின் முதுகில் இரண்டு சொம்பு ஊற்றினாள். மூன்றாவது சொம்பு வெதுவெதுப்பு. நான்காவது ஜில்.

"அம்மா, குளுருது!"

திலகவதி பிள்ளையைத் துண்டில் சுற்றி வெளியே தூக்கினாள். கீழே ஒருவரும் தண்ணீர் திறக்கவில்லை. வீடே பூட்டிய வீடு மாதிரி அமைதியாக இருந்தது. அப்படியானால் ஸ்வர்ணலதா அக்கா அன்றைக்குச் சொன்னது நிஜம். அவளுக்கு முகத்தில் சுரீரென்றது. ஒரு வார்த்தையை எவ்வளவு சுலபமாக விட்டுவிட்டோம் என்று நினைத்தாள்.

"நீ உள்ள போயி டிரெஸ் போட்டுக்க. அம்மா கொழாயைத் தொறந்தே வச்சிருக்கேன், மூடிடாத" என்று சொல்லிவிட்டு வெளிப் படிக்கட்டுக்கு வந்தாள்.

சோலாரிலிருந்து இறங்கும் வெந்நீர்க் குழாய் அந்தப் படிக்கட்டை ஒட்டிய சுவரில்தான் ஓடியது. மாடிக் குளியலறைக்கு ஒரு கிளை பிரிந்து உள்ளே போகும். மிச்சம் நேராகக் கீழே இறங்கும். அவள் முதலில் கிளைக்கு மேலே குழாயைத் தொட்டாள். சுட்டது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். ஆகவே சோலாரில் வெந்நீர் இருக்கிறது, இறங்கவும் செய்கிறது. இரண்டு படி கீழே இறங்கி, கிளைக்குக் கீழே தொட்டாள்.

அங்கே குழாய் ஜில்லென்றிருந்தது.

கீழே யாரும் தண்ணீர் எடுக்காதபோது இந்தக் குழாயில் ஓட்டமே இருக்கக் கூடாது. தேங்கி நிற்கிற தண்ணீர் மெதுவாக ஆறினாலும் இப்படிக் கிணற்றுத் தண்ணீர் மாதிரி குளிராது. அவள் உள்ளங்கையைக் குழாயோடு சேர்த்து வைத்து நின்றாள். மெல்லிய அதிர்வு தெரிந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கீழே இறங்கவில்லை, கீழிருந்து மேலே ஏறுகிறது.

வெந்நீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர் ஏறுகிறதென்றால், கீழே எங்கோ ஓரிடத்தில் இரண்டும் கலக்கிறது. இரண்டும் கலக்கிற இடம் அந்த வீட்டில் ஒன்றுதான்.

திலகவதி கீழ்க் குளியலறைக்குள் நுழைந்தாள். சுவரில் சூட்டுக்கொரு திருகும் குளிருக்கொரு திருகும் வைத்த மிக்ஸர். அதிலிருந்து ஒரு வளையும் குழாய், முனையில் டெலிபோன் ஷவர். ஷவரின் கைப்பிடியில் ஒரு விசை உண்டு. அதை அழுத்தினால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும். ஷவரிலிருந்து ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் சுவரில் இருந்த இரண்டு திருகுகளும் திறந்தே கிடந்தன.

வெளியே போக வழி இல்லாத தண்ணீர், உள்ளுக்குள்ளேயே ஒரு குழாயிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. மேலே வெந்நீரைத் திறந்தால் இங்கிருந்து பச்சைத் தண்ணீர் அந்தப் பக்கம் ஏறும். கீழே சமையலறையில் பச்சைத் தண்ணீரைத் திறந்தால் வெந்நீர் இந்தப் பக்கம் இறங்கும். ஸ்வர்ணலதா அக்காவின் வெதவெதப்பும் தன் ஜில்லிப்பும் ஒரே இடத்திலிருந்து வந்தவை.

அவள் இரண்டு திருகுகளையும் இறுக்கி மூடினாள். படியேறி வந்து பார்த்தால், திறந்து வைத்திருந்த குழாயிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. "கற்பகம், வாடி!" என்று கத்தினாள். அன்றைக்கு அந்தப் பிள்ளை ஆசை தீரக் குளித்தது.

போளூரிலிருந்து வந்ததும் ஸ்வர்ணலதாவிடம் போய்ப் பேசிவிட வேண்டும் என்று நினைத்திருந்தாள். அவர்கள் இருட்டின பிறகுதான் வந்தார்கள். சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

காலையில் பால் வாங்கக் கீழே வந்தபோது குளியலறைக் கதவு பாதி திறந்திருந்தது. பச்சையப்பன் தோளில் காய்ந்த துண்டோடு மிக்ஸருக்கு முன்னால் நின்றிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்தவர். இப்போது முடக்குவாதம் வந்து இரண்டு கை விரல்களும் உள்ளே மடங்கிப்போயிருந்தன. இரண்டு உள்ளங்கைகளையும் திருகின் மேல் வைத்து அழுத்தித் திருப்பப் பார்த்தார். கைகள் வழுக்கின. துண்டின் ஓரத்தைத் திருகில் சுற்றி மறுபடி முயன்றார். அது அசையவில்லை.

"மாமா?"

அவர் சட்டென்று கைகளை எடுத்துக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. இன்னிக்கிக் குளிர் ஜாஸ்தி. அப்பறமா குளிச்சிக்கறேன்."

"திருக முடியலயா மாமா?"

அவர் துண்டைத் திருகிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "யாரோ மூடிட்டாங்க போலக் கீது. லதா பாத்ரூம் கழுவறப்ப எப்பனா மூடுவா. அன்னிக்கி மட்டும் தனசேகரனைக் கூப்புட்டு வுடுவேன். மத்தபடி நான் தொறந்தே வச்சிடறது. ஷவரு மட்டும் ரெண்டு கையால அமுக்குனா வந்துடுது. யாரையும் கூப்புட வேணாம் பாரு" என்றார்.

பக்கவாட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மின்னாடி தெனம் பெரியவன் வந்து ஊத்துவான். பாவம், கடைக்கிப் போறவன், வாசல்ல நின்னுகினு ஜல்தி ஜல்தின்னுவான். அவன் மேல தப்பில்ல. இருந்தாலும் ஆம்பள புள்ள முன்னாடி தெனம் துண்டோட நிக்கறது… இந்த ஷவரு வந்ததுலருந்து நானே குளிக்கறேம்மா."

நேற்றுத் திலகவதி இறுக்கி மூடிய திருகு அது. அவள் உள்ளே போய் இரண்டையும் திறந்து, ஷவரை அழுத்தி, கையில் சூடு பார்த்தாள்.

"நான்தான் மாமா தெரியாம மூடிட்டேன். இனிமே மூட மாட்டேன். நீங்க குளிங்க" என்று கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

மேலே கற்பகத்துக்கு அன்று ஸ்டவ்வில் அண்டா ஏறியது. தண்ணீர் கொதிக்கும் வரை திலகவதி அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூடினால் பிள்ளைக்கு நல்லது, திறந்தால் மாமாவுக்கு நல்லது. இந்த இரண்டில் ஒன்றுதான் என்று ஏன் நினைக்க வேண்டும்? தண்ணீர் அந்த மிக்ஸருக்குள் போகட்டும், அங்கிருந்து திரும்பி வராமல் இருந்தால் போதுமே.

கீழே இறங்கி நேராக ஸ்வர்ணலதாவின் சமையலறைக்குப் போனாள். ஸ்வர்ணலதா அடுப்பிலிருந்து திரும்பவில்லை.

"அக்கா, உங்களைத் தப்பா நெனச்சிட்டேன். நீங்க சுடுதண்ணியே எடுக்கல."

"அதை நான் அன்னிக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. நான்தான் கேக்கல." குழாயைத் தொட்டுப் பார்த்தது, மிக்ஸர், மாமாவின் கை என்று ஒன்று விடாமல் சொன்னாள். மாமா துண்டைச் சுற்றித் திருகப் பார்த்ததைச் சொன்னபோது ஸ்வர்ணலதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியாம போச்சே திலகா. ரெண்டும் தொறந்து கெடக்குதேன்னு நானும் கழுவறப்பல்லாம் மூடிகினே இருந்தேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரி, இப்ப இன்னா பண்றது? அந்த ஆல்பின் வந்தா மறுபடி பிரஷரு கிஷருன்னு சொல்லுவான்."

"இந்த வாட்டி நாம சொல்லுவோம்கா."

ஆல்பின் சாயங்காலமே வந்தான். இருவரும் அவனைப் படிக்கட்டுக்கு அழைத்துப் போய்க் குழாயைத் தொட வைத்தார்கள். மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்தவன் சிரித்துவிட்டான். "அட, ஆமாக்கா! நான் மேலயே பாத்துகினு இருந்தேன். மிக்ஸருக்குப் போற ரெண்டு லைன்லயும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுட்டா தண்ணி உள்ள போவும், திரும்பாது. திருகு தொறந்தே இருக்கட்டும்."

அவன் முதலில் கொண்டுவந்து மாட்டியது ஸ்பிரிங் வைத்த வால்வு. டேங்கிலிருந்து தானாக இறங்கும் தண்ணீருக்கு அந்த ஸ்பிரிங்கைத் தள்ளத் தெம்பில்லை. ஷவர் மூக்கு ஒழுகுகிற மாதிரி ஒழுகியது. பச்சையப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடி, "இன்னாப்பா, எண்ணெய் தேச்சிகினு ஒரு நாள் பூரா நிக்கணுமா?" என்றார். ஆல்பின் அதைக் கழற்றிவிட்டு, வேலூருக்கு ஆள் அனுப்பி, உள்ளே சின்னத் தகடு தானாகத் திறந்து மூடுகிற வால்வை வரவழைத்து மாட்டினான். அதற்குள் ஒரு வாரம் போயிற்று. அந்த ஒரு வாரமும் மேலே அண்டா அடுப்பிலேயே இருந்தது. வெந்நீரை மாடிக்குச் சுமந்து போனதில் பாதி நாள் ஸ்வர்ணலதா.

வால்வு மாட்டிய மறுநாள் காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தார்கள். கீழே மாமா குளித்தார். சமையலறையில் ஸ்வர்ணலதா பச்சைத் தண்ணீரைக் கையில் பிடித்து ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். மேலே திலகவதி சொம்பு சொம்பாக ஊற்றினாள். சூடு குறையவில்லை.

"போதும்மா, சுடுது!" என்று கற்பகம் கத்தினாள்.

"யாரு அது, சுடுதுன்னு கொறை சொல்றது?" என்று கீழிருந்து பச்சையப்பனின் குரல் வந்தது.

கொஞ்ச நேரத்தில் ஸ்வர்ணலதா படியேறி வந்தாள். மாடி வீட்டு நாற்காலியில் அவள் உட்கார்ந்து எத்தனையோ நாளாகியிருந்தது. காபி டம்ளரை வாங்கிக்கொண்டு, "திலகா, சமையக்கட்டுக் கொழாயும் திருகறதுதான். மாமா தண்ணி குடிக்கணும்னா என்னைக் கூப்புட்டுகினு இருக்காரு. கையால தட்டுனா தொறக்கற மாதிரி நீட்டுப் புடி வச்ச கொழாய் இருக்காமே, ஆல்பின் சொன்னான். மதியம் கடைக்கிப் போயி பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டாள்.

"மதியம் வேணாம்கா. எனக்கு வேலை ஆறு மணிக்கு முடியுது. பஸ் ஸ்டாண்டுகிட்ட வந்துடுங்க, சேந்து போவலாம்."

"பாத்ரூமுக்கும் ஒண்ணு வாங்கிடலாம்" என்றாள் ஸ்வர்ணலதா.