பதினான்கு மாதம் மீதமிருந்த கையெழுத்து

காப்புரிமை முகவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு மாரடைப்பில் இறந்தார். அவருடைய டிஜிட்டல் கையெழுத்து காலாவதியாக இன்னும் பதினான்கு மாதம் இருந்ததால், வியாழக்கிழமை ஒன்பதரை மணிக்கு வழக்கம்போல் அலுவலகம் வந்துவிட்டார். இடையில் புதன்கிழமை அவரை அடக்கம் செய்திருந்தார்கள். மூன்றாவது மாடியில் இரண்டே அறைகள் கொண்ட அந்த அலுவலகத்தைத் தினமும் திறப்பவர் அவருடைய உதவியாளர். எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் இணையதளம் ஏற்கும் அளவுக்குச் சுருக்கித் தந்துவிடுவார் என்பதால் பி.டி.எஃப். அக்கா என்று பெயரெடுத்தவர். அவர் உள்ளே நுழைந்தபோது முகவர் கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, செவ்வாய்க்கிழமை பாதியில் நின்றுபோன பதில் மனுவின் பன்னிரண்டாம் பக்கத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். சாகக்கூட நேரமில்லை என்று இருபது வருடமாக அவர் சொல்லக் கேட்டவர்தான் அக்கா. அதை இப்படி எடுத்துக்கொள்ள வேண்டிவரும் என்று நினைத்ததில்லை. பையை வைத்துவிட்டு ஸ்கேனரைப் போட்டார். அன்றோடு கெடு முடிகிற மனுக்கள் நான்கு இருந்தன.

முகவர் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. அவர் தொட்ட விசைப்பலகை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்ததுபோல் சில்லிட்டிருந்தது. தாழ்வாரத்தின் கடைசிவரை நடந்தார். படிக்கட்டு வந்ததும் கால் நின்றுவிட்டது. அக்கா காப்புரிமை அலுவலகத்தின் உதவி மையத்துக்குப் போன் செய்து நிலைமையைச் சொன்னார். முகவர் இறந்துவிட்டால் அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, இறப்புச் சான்றிதழோடு பதிவேற்றுங்கள் என்றார்கள். படிவத்தின் அடியில் முகவரின் டிஜிட்டல் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. முகவர் தன் இறப்புச் சான்றிதழை ஒருமுறை படித்துப் பார்த்து, தந்தை பெயரில் இருந்த எழுத்துப் பிழையைக் குறித்துக்கொண்டு, கையெழுத்திட்டு அனுப்பினார். இரண்டு நாளில் படிவம் திரும்பி வந்தது. கையெழுத்து சரியாக இருக்கிறது, ஆகவே ஒப்பமிட்டவர் இறந்ததாகக் கொள்ள இயலாது என்று காரணம் எழுதியிருந்தார்கள். அக்கா மூன்று முறை அனுப்பினார். மூன்று முறையும் அதே வாக்கியம்தான் வந்தது.

முகவரின் மனைவி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பவர். விஷயம் தெரிந்த அன்று சீருடையோடு வந்தார். கணவரின் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிடம் எண்ணக் காத்திருந்தார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. கையைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டு, சட்டைக் காலரை மட்டும் சரிசெய்தார். அதற்குப்பின் தினமும் வேலை முடிந்து நான்கு மணிக்கு வந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் ஐந்து வரை உட்கார்ந்திருப்பார். முப்பது வருடத்தில் பேசாததையெல்லாம் அந்த ஒரு மணி நேரங்களில் பேசினார்கள் என்று அக்கா சொல்வார். மகளைத் தூரதேசத்தில் கட்டிக்கொடுத்தது சரியா தப்பா என்ற சண்டைகூட அங்கேதான் தீர்ந்தது. ஒருநாள் முகவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல் சொன்னார்: "ரொம்ப அசதியா இருக்கு. தூங்கணும்போல இருக்கு. கண்ணுதான் மூடவே மாட்டேங்குது."

"அடுத்த வருஷம் கையெழுத்துக் கெடு முடியற வரைக்கும்தானே," என்றார் மனைவி. "அப்புறம் யாரும் உங்களை எழுப்ப மாட்டாங்க. நான் விட மாட்டேன்."

அந்தப் பதினான்கு மாதத்தில் முன்னூற்றுப் பதினாறு விண்ணப்பங்களை முகவர் ஒவ்வொன்றாக வேறு முகவர்களுக்கு மாற்றிக்கொடுத்தார். ஒன்று மட்டும் மாறவில்லை. செயற்கைக் கால் செய்கிற ஒருவர், மேடு பள்ளத்துக்குத் தகுந்தபடி தானாகச் சாயும் கணுக்கால் ஒன்றைச் செய்திருந்தார். ஒரு பெரிய நிறுவனம் அதை எதிர்த்திருந்தது. அவர் தேடிப்போன எல்லா முகவர்களும் ஏற்கெனவே அந்த நிறுவனத்துக்கு வேலை செய்பவர்களாக இருந்தார்கள். விசாரணைத் தேதியோ கையெழுத்து காலாவதியாகி இரண்டு மாதம் கழித்து வந்தது. கால்காரர் யாரையும் கெஞ்சவில்லை. கடைசி வாரம் முழுவதும் அலுவலகத்துக்கு வந்து, செயற்கைக் காலான தன் இடது காலைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி நாள் காலையில் முகவர், புதுப்பிக்கிற விண்ணப்பத்தை எடுக்கச் சொன்னார். உயிரோடிருந்தபோதும் வந்தவரை இல்லை என்று அனுப்பத் தெரியாதவர் அவர். அக்கா மனைவிக்குப் போன் செய்தார். அவர் லீவு போட்டுவிட்டு ஓடிவந்தார்.

புதுப்பிக்க, கேமரா முன் முகம் காட்டி ஆறு எண்களைப் படிக்க வேண்டும். முகவர் தெளிவாகப் படித்தார். திரையில் இருந்த பெண், "கண்ணை ஒருதரம் சிமிட்டுங்க சார், உயிரோட இருக்கீங்களான்னு சிஸ்டம் பாக்கும்," என்றார். முகவர் முயன்றார், இமை அசையவில்லை. நிராகரிக்கப்பட்டது என்று வந்தது. இன்னும் இரண்டு முறைதான் தரமுடியும் என்றார் அந்தப் பெண். இரண்டாவது முறையும் அப்படியே. கால்காரர் தலையைக் குனிந்துகொண்டு காலை மாட்டத் தொடங்கினார். மனைவி பெருமூச்சு விட்டதை அக்கா பார்த்தார். யாரையும் எழுப்ப விடமாட்டேன் என்ற பேச்சைக் காப்பாற்ற மனைவி ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை, சும்மா நின்றால் போதும். மூன்றாவது முறை எண்கள் திரையில் வந்தன. முகவர் படித்து முடித்தார். மனைவி கேமராவில் படாதபடி மேசையோரம் குனிந்து, தூசி விழுந்த கண்ணில் ஊதுவதுபோல, அவர் கண்ணில் மெல்ல ஊதினார். இமைகள் மூடித் திறந்தன.

ஏற்றுக்கொள்ளப்பட்டது, இரண்டு ஆண்டுகள் செல்லும் என்று திரையில் வந்தது.

கால்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். முகவர் மனைவியைப் பார்த்தார். கோபமாகவும் தெரியவில்லை, வேறு எதுவாகவும் தெரியவில்லை. மறுபடி கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை. அன்று மனைவி தாழ்வாரத்துக்கு வந்து அக்காவிடம் சொன்னது ஒன்றுதான்: "தனக்காகத்தான் ஊதினேன்னு அந்தக் கால்காரர் நினைச்சுக்கட்டும். நீங்க எதுவும் சொல்லிடாதீங்க."

விசாரணையில் நிறுவனம் தோற்றது. கணுக்காலுக்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்குப்பின் முகவரிடம் ஒரு விண்ணப்பம்கூட மிச்சமில்லை. இரண்டு ஆண்டு முடிந்தபோது புதுப்பிப்பது பற்றி யாரும் யாரையும் கேட்கவில்லை. அக்கா விண்ணப்பத்தை எடுத்துவைத்தார், முகவர் எண்களைப் படித்தார், மனைவி ஊதினார். அடுத்த முறையும் அப்படியே நடந்தது. ஒருநாள் ஐந்தே கால் பஸ்ஸில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பழைய அண்டைவீட்டுக்காரி, வெகுநாள் கழித்துப் பார்த்த மகிழ்ச்சியில் எல்லோரையும் விசாரித்துவிட்டு, வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"ஆபீஸ்ல இருக்கார்," என்றார் மனைவி. நடத்துநர் வந்தார். இருவரும் டிக்கெட் வாங்கினார்கள்.