இன்னும் ஒழுகட்டும்

எழுத்துக்கு உள்ளே படம் நிரப்புவது சின்னவளுக்குக் கைவந்த கலை. மரம் கேட்டால் மரம், தங்கம் கேட்டால் தங்கம். கணினியில் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவாள். இந்த முறை அக்கா புருஷன் கேட்டது ஜாம். அவர் புதிதாகத் தொடங்கிய ஜாம் ஆலையின் லேபிளில் ‘நன்கு பழுத்த பழங்கள்’ என்ற வரி பழக்கூழால் எழுதியது போலத் தளதளவென்று இருக்க வேண்டுமாம். நிஜக் கூழையே படமெடுத்து வருவோம் என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஆலைக்குப் போனாள். போகாமலே இருந்திருக்கலாம்.

பீப்பாய் மூடியைத் திறந்ததுமே புளித்த வாடை மூக்கைத் துளைத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு நான்கு படம் எடுத்தாள், ஓடி வந்துவிட்டாள். வீட்டில் படத்தைப் பெரிதாக்கியபோதுதான் கூழின் மேல் வெள்ளையாக, அரிசி போல ஏதோ கிடப்பது தெரிந்தது. அரிசிக்குத் தலை ஏது? இதற்குக் கறுப்பாக ஒரு தலை இருந்தது.

உடனே போன் செய்தாள். “அத்தான், கூழ்ல புழு இருக்கு.”

“காய்ச்சினா எல்லாம் செத்துடும். நீ படத்துல அழிச்சுடு. அதுக்குத்தான் உன்கிட்ட பிரஷ் இருக்கே!”

“முதல் பெட்டி அக்கா வகுப்புக்குப் போகுது. எல்லாம் ஆறு வயசுப் பிள்ளைங்க, அத்தான்!”

“அக்காகிட்ட உளறி வீட்டை ரெண்டாக்கிடாதே. கொடுத்த வேலையைப் பாரு.”

இந்த ஆளையா இத்தனை வருஷம் வாய் நிறைய அத்தான், அத்தான் என்று கூப்பிட்டோம்? நினைக்கவே அருவருப்பாக இருந்தது. அதைவிட அருவருப்பு அவளுக்கு அவள் மேலேயே. வாயை மூடிக்கொண்டு அழிக்க உட்கார்ந்தாளே! எண்ணிக்கொண்டே அழித்தாள். பதினேழு. சுத்தமான கூழை எழுத்துக்குள் நிரப்பி, விளிம்பில் பளபளப்பு ஏற்றி, கீழே நிழல் போட்டு, அங்கங்கே சொட்டுகளைத் தொங்கவிட்டாள். பார்த்தவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும். அவளுக்கு ஊறியது வாந்திக்கு முன்னால் வருகிற எச்சில்.

“அருமை! ஆனா இன்னும் ஒழுகட்டும்” என்றார் அத்தான். இரண்டு சொட்டு சேர்த்தாள். “இன்னும்!” என்றார்.

வந்த எரிச்சலில் ஓர் எழுத்தின் ஓரத்தைப் பிடித்து மவுஸை ஒரே இழுப்பாகக் கீழே இழுத்தாள். ‘பழுத்த’வில் இருந்த ப-வின் வலது பக்கத்தில் தடியாக ஒரு சொட்டு நேரே இறங்கி நின்றது. ப இப்போது பு. வாய்விட்டுப் படித்தாள்: “நன்கு புழுத்த பழங்கள்.” சிரிப்பும் குமட்டலும் ஒன்றாக வந்தன. ஒரு பட்டனைத் தட்டினால் பழையபடி ஆகிவிடும். அவள் தட்டவில்லை.

படத்தை அனுப்பிவிட்டு, “அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாருங்க, அத்தான்” என்றும் சொன்னாள். பின்னால் சொல்லவே இல்லை என்று யாரும் பழி போடக்கூடாது பாருங்கள்.

“இதுல படிக்க என்ன இருக்கு? எப்படி ஒழுகுது பாரு, அதான் வேணும்!”

லேபிள் ஒட்டிய பாட்டில்கள் அக்கா வீட்டில் வந்திறங்கிய காலையில் சின்னவளும் அங்கே போயிருந்தாள். வகுப்புக்குக் கொண்டுபோகும் முன் ருசி பார்க்கலாம் என்று அக்கா ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தாள். மற்றொரு கையில் ஸ்பூன். அவள் ஒன்றாம் வகுப்பு டீச்சர். எழுத்தில் தப்பு இருந்தால் கண் தானாக அங்கே போய் நிற்கும்.

“என்னங்க இது, ‘புழுத்த’ன்னு போட்டிருக்கு?”

அத்தான் பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. மச்சினியின் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்தார். “ஒரு சொட்டுதானே? அதை அழிச்சுக் கொடு, மேலேயே ஒட்டிக்கலாம்.”

“ஏற்கெனவே பதினேழு அழிச்சுட்டேன், அத்தான். இதை அழிக்க மாட்டேன்.”

அக்கா ஸ்பூனைக் கீழே வைத்தாள். “பதினேழு என்னடி?” கேட்டது தங்கையை, பார்த்தது புருஷனை.

சின்னவள் போனை எடுத்து, அழிக்காத அந்த முதல் படத்தைப் பெரிதாக்கி அக்காவிடம் நீட்டினாள்.