அடைச்சிருக்கு

1

இந்தக் கதை ஒரு துண்டுச் சீட்டில் பிறந்தது. அதில் இரண்டே சொற்கள்: ‘வால்வு அடைச்சிருக்கு.’ எழுதியவருக்கு ஓர் அர்த்தம், படித்தவருக்கு வேறொன்று. அது புரிந்தபோதுதான் எழுத உட்கார்ந்தேன்.

2

‘பினாங்கின் ஜார்ஜ் டவுனில் மழை பிடித்துக்கொண்ட ஒரு...’

(மழையே இல்லை. எதற்குப் பொய்?)

1993, வெள்ளிக்கிழமை மதியம். பட்டறைக்காரர் அய்யாக்கண்ணுவின் முன்னால் கனகேஸ்வரி டீச்சரின் பழைய வெள்ளை ஜப்பான் கார். சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது என்று விட்டுப்போயிருந்தார். காலையில் அதைப் பார்த்த மெக்கானிக் ஷேக் அலாவுதீன், சீட்டை ஸ்டியரிங்கில் செருகிவிட்டு ஜும்மாவுக்குப் போயிருந்தார்.

[குறிப்பு, தவிர்க்க முடியாதது: எக்ஸாஸ்ட் புகையில் கொஞ்சத்தை எஞ்சினுக்கே திருப்பிவிடும் வால்வு இது. எரியும் சூடு தணியும், நச்சுப்புகை குறையும். எஞ்சின் சூடேறிய பிறகுதான் திறக்கும். வண்டி நின்றால் மூடிக்கொள்ள வேண்டும். கரி பிடித்தால் மூடாது, எஞ்சின் மூச்சுமுட்டி அணையும். கழற்றி, கிளீனர் அடித்து, கரியைச் சுரண்ட வேண்டும். சோம்பேறிப் பட்டறைகளில் தகரம் வெட்டி வழியையே அடைத்துவிடுவார்கள். அய்யாக்கண்ணுவின் பட்டறையிலும்தான்.]

3

“முடிஞ்சிருச்சா தம்பி? ரெண்டு மணிக்கு நிபோங் திபால் பள்ளிக்கூடத்துல இருக்கணும்.”

அய்யாக்கண்ணு சீட்டைப் பார்த்தார். எஞ்சினைப் போட்டார். ஆறிக் கிடந்த எஞ்சின் சமர்த்தாக ஓடியது.

“அடைச்சாச்சு டீச்சர். இனி சாகாது லா.”

(இங்கே எனக்குச் சந்தேகம். இருபது வருடத் தொழில்காரர் வால்வைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டாரா? நானாக இருந்தால் பார்த்திருப்பேன் என்று எழுதி, அடித்துவிட்டேன். நானும் பார்த்திருக்க மாட்டேன்.)

4

அலாவுதீன் தொப்பியைக் கழற்றியபடியே வந்தார்.

“அண்ணே, டீச்சர் கெரெத்தா எங்க?”

“காரைக் கொடுத்தாச்சு. நீதான் தகரம் வச்சு அடைச்சிட்டியே.”

“யா அல்லா! கரி அடைச்சிருக்குன்னு எழுதுனேன்ணே! வந்து கழட்டலாம்னு வச்சிருந்தேன்!”

அய்யாக்கண்ணுவுக்கு அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை. டீச்சர் போகும் வழியில் ரயில் கேட் இருக்கிறது. கடல் பாலத்தைத் தாண்டும்போதே எஞ்சின் சூடேறிவிடும். கேட்டில் வண்டிகள் ஊர்ந்துதான் தண்டவாளத்தைக் கடக்கும். ஊர்ந்தால் அணையும். இதைச் சொல்ல அந்தக் காரில் டெலிபோன் இல்லை.

5

முடிவு அ: டீச்சர் பள்ளிக்கூடத்தில் இறங்கிக் குடையைத் தேடுகிறார். (மழைதான் இல்லையே.)

முடிவு ஆ: தண்டவாளத்தின் மேல் வெள்ளை நிறக் கார் ஒன்று...

மாட்டேன். இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.

6

இரண்டே கால். பட்டறை டெலிபோன் அடிக்கிறது.

அலாவுதீன் அய்யாக்கண்ணுவைப் பார்க்கிறார். அய்யாக்கண்ணு அந்தச் சீட்டைப் பார்க்கிறார். ஒன்பதாவது மணியில் ரிசீவரை எடுத்துவிடுகிறார். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், “ஹலோ, பட்டறைங்களா?” என்கிறது. டீச்சரா, வேறு யாரோவா, தெரியவில்லை. பதில் சொல்ல வாயைத் திறக்கிறார். தொண்டை அடைச்சிருக்கு.

எனக்கும்தான். ரிசீவரை வாங்கி நீங்கள் பேசுங்கள்.