சுவரோரத் தும்பை

கையில் கஞ்சி டம்ளரும் ஸ்பூனுமாக அசோகன் ஜேசிபியின் முன்னால் போய் நின்றுவிட்டார். நிறுத்தச் சொல்லிக் கையைத் தூக்கியதில் பாதிக் கஞ்சி சட்டையில் கொட்டியது. ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தான்.

“இன்னா சார், சாவறதுக்கு என் வண்டிதான் கெடைச்சுதா?”

“நான் இல்லப்பா,” என்றார் அசோகன். “என் வொய்ஃப்.”

காம்பவுண்டுச் சுவருக்கு மேல் தெரிந்த தன் வீட்டு ஜன்னலைக் காட்டினார். ஓட்டுநர் இறங்கி வந்தான். பெயர் சர்தார் என்றான்.

அடையாறு கஸ்தூர்பா நகரில் அசோகன் வீட்டை ஒட்டிய அந்த மனை பல வருடமாகச் சும்மா கிடந்தது. பழைய பங்களாவை இடித்த கையோடு அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போய்விட, மனை செடிகொடிகள் வசம் வந்து சேர்ந்தது. தெருவே அதைக் கொசுப்பண்ணை என்று திட்டியது. அவர் மனைவி மணிமொழி மட்டும், டெலிபோன் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளாக, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் சீரியல் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள். சித்திரையில் எல்லாம் கருகிப்போக எருக்கு மட்டும் தெனாவெட்டாக நிற்கும். ஆடிக் காற்றில் மூக்குத்திப் பூண்டு தலையாட்டும். ஐப்பசி மழை விழுந்துவிட்டால் தகரையும் நாயுருவியும் இடுப்புயரத்துக்கு வந்துவிடும். மார்கழியில் சுவரோரம் பூராவும் வெள்ளை வெளேரென்று தும்பை. துத்தி சரியான சோம்பேறி, மத்தியானத் தூக்கம் முடிந்துதான் கண்ணைத் திறக்கும் என்பாள். அவள் தினமும் வாசித்த இந்தச் செய்திகளுக்கெல்லாம் அசோகன் பேப்பருக்குப் பின்னாலிருந்து “ம்” கொட்டினார்.

இப்போது கேஸ் முடிந்து மனை கைமாறிவிட்டது. மார்கழியில் யாரும் கட்டட வேலையைத் தொடங்கமாட்டார்கள் என்பதால் ஒரு மாதம் தள்ளிப்போயிருந்தது. தை பிறந்ததுதான் தாமதம், பூமி பூஜைக்கு நாள் குறித்து வண்டியை அனுப்பிவிட்டார்கள். மணிமொழியோ வாடகைக்கு எடுத்த ஆஸ்பத்திரிக் கட்டிலில், அதே ஜன்னலோரம் மல்லாந்து கிடந்தாள். புற்று முதுகெலும்புக்குப் போய்விட்டது. உட்கார வைத்தால் வலி உயிர் போகும். வீட்டுக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

“அவ பாத்துக்கிட்டுக் கெடக்கறது இந்தச் செடிங்களத்தான்,” என்றார் அசோகன். “இந்த ஓரத்த மட்டும் விட்டு வைப்பா.”

“மொத்தமா வாரிப் போடச் சொல்லித்தான் சார் அனுப்பிகீறாங்கோ.” சர்தார் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டான். “செரி. அந்தாண்டலேர்ந்து ஆரம்பிச்சுக்கினு வரேன். இத்த கடசீல எட்த்துக்கறேன். எத்தினி நாளு சார்?”

அசோகனுக்கு முதலில் புரியவில்லை. டாக்டர்கூட அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

“ரெண்டு நாள்,” என்றார். “ரெண்டு நாள் போதும்.”

போதும் என்று சொன்னது, சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் விழுந்தது. பெண்டாட்டிக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டு வந்த மனுஷனாக வீட்டுப் படி ஏறினார்.

“அது என்ன சத்தம்?” என்று கேட்டாள் மணிமொழி.

“முனையில மெட்ரோ வேலை நடக்குது.”

பெங்களூரிலிருந்து வந்திருந்த மகள் செண்பகம் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு போனாள்.

“தும்பை எப்படியிருக்கு?”

“நீயே பாரேன்.”

“நீங்க சொல்லுங்களேன்.”

அசோகன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். “வெள்ளையா இருக்கு. நெறைய.”

“வெள்ளையா இருக்கும்னு எனக்குத் தெரியாதா? ஒழுங்கா பாத்துச் சொல்லுங்க.”

ஒழுங்காகப் பார்த்தார். குட்டையாகக் கொத்துக் கொத்தாக நின்ற செடிகளில், நகத்தளவு பூக்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. அதில் ஒன்றின்மேல் நீலமாக ஒரு சின்னப் பட்டாம்பூச்சி. அதைச் சொன்னார். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். அடுத்து துத்தியைக் கேட்டாள். எது துத்தி என்று அவர் விழித்தார். “பத்து வருஷமா ம் ம்னீங்களே,” என்றாள். சிரிக்கப் போய் இருமல் வந்துவிட்டது.

இரண்டு நாள் போயிற்று. காலையில் பார்த்ததையும் சாயங்காலம் பார்த்ததையும் அசோகன் நின்றபடி ஒப்பித்தார். சர்தார் மற்ற இடத்தையெல்லாம் மொட்டை அடித்துவிட்டு, வண்டியைக் கடைசி ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தி, அதன் நிழலில் உட்கார்ந்திருந்தான். மறுநாளும் அப்படியே உட்கார்ந்திருந்தான். அவன் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

பால் வாங்கக் கிளம்பிய அசோகனைப் பார்த்து எழுந்துகொண்டான். “அம்மா எப்டி கீறாங்கோ சார்?”

“இருக்கா,” என்றார் அசோகன்.

கெடு தாண்டிய கடன்காரன் மாதிரி அதைச் சொன்னோம் என்று கடை வாசலில் நிற்கும்போது உறைத்தது. அவமானமாக இருந்தது. அன்றைக்குப் பிற்பகல் அதைவிட மோசமான ஒன்று நடந்தது. மணிமொழியின் மூச்சு ஒருமுறை இழுத்து, அப்படியே நின்றது. அந்த இடைவெளியில் அசோகனின் கண் முதலில் அவள் முகத்துக்குப் போகவில்லை. ஜன்னலுக்குப் போயிற்று, சர்தார் இன்னும் உட்கார்ந்திருக்கிறானா என்று. அப்புறம் மூச்சு திரும்பி வந்தது. அசோகன் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார்.

வெளியே வந்தபோது அவள் விழித்திருந்தாள். “சத்தத்தையே காணோமே. மெட்ரோ வேலை முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“சீக்கிரமாத்தான் முடிச்சுட்டாங்க,” என்றாள். அவர் சட்டையின் ஈரக் கையைப் பிடித்து வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

மறுநாள் காலை அவர் தும்பையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டாள். அது தெரியாமல் அவர் இன்னும் கொஞ்சம் சொன்னார். செண்பகம் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினார்.

உறவுக்காரர்கள் வந்தார்கள், ரோஜா மாலைகள் வந்தன, வாய்க்கரிசி போட்டார்கள். அமரர் ஊர்தி குறுகலான தெருவில் திரும்ப முடியாமல் நின்றபோது, சர்தார் ஜேசிபியை நகர்த்தி மனைக்குள் இடம் விட்டான். அது போகும்வரை தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றான். பெசன்ட் நகர் மயானத்தில் எல்லாம் நடக்க வேண்டியபடி நடந்தது.

திரும்பி வரும்போது வண்டி பழைய இடத்திலேயே நின்றிருந்தது. தும்பையும் அப்படியே இருந்தது.

“இனிமே எடுத்துக்கப்பா,” என்றார் அசோகன். தலையிலிருந்து இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“காலீல பாத்துக்கலாம் சார். வண்டி ரிப்பேர்னு சொல்லிகீறேன். நீங்க போய்ப் படுங்கோ.”

வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். கட்டிலில் விரிப்பு இல்லை. ஜன்னலோரம் வெறும் ரெக்சின் மெத்தையும் தலையணையும் மட்டும் இருந்தன. இத்தனை நாளும் அசோகன் அதன் பக்கத்தில் நின்றிருக்கிறார், ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார். இப்போது அதிலேயே மல்லாந்து படுத்து, அவளைப்போலவே முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார்.

தும்பை தெரியவில்லை. துத்தியும் தெரியவில்லை. தலையணையை முதுகுக்குக் கொடுத்தும், கழுத்தை நீட்டியும் பார்த்தார். ஜன்னல் விளிம்புக்குக் கீழே இருந்த எதுவும் அந்தக் கட்டிலிலிருந்து தெரியாது. கொஞ்சம் வானம் தெரிந்தது. அதன் குறுக்கே, கம்பிகளுக்கு நேர் எதிரே, ஜேசிபியின் மஞ்சள் கை மடங்கி நின்றுகொண்டிருந்தது. அது மட்டும் முழுசாகத் தெரிந்தது.

வாசற்படியில் செண்பகம் வந்து நின்றாள். “அப்பா, கொசு வரும். ஜன்னல சாத்தட்டுமா?”

“இருக்கட்டும்மா,” என்றார் அசோகன். தலையை எடுக்கவில்லை.