அத்தான் தண்ணீரில் இறங்கினார்

1.
இந்தக் கதை ஒரு மிரட்டலில் பிறந்தது. மிரட்டியவர் என் அக்காவின் கணவர், நீச்சல் பயிற்சியாளர். சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்து, அந்தப் பையையே எடுத்துவிட்டார்கள். இப்போது தொப்புளுக்கு வலப்பக்கம், தோலில் ஒட்டிய ஒரு பையில் சிறுநீர் சேர்கிறது.

“என்னைப் பத்தி எழுதறதுன்னா எழுது. ஆனா கடைசியில சாகடிச்சே, தெரியும் சேதி!”

அவர் பயம் நியாயமானதுதான். என் கதைகளில் நோயாளி யாரும் பிழைத்ததாக வரலாறே கிடையாது.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: ‘அவர் வயிற்றில் மரணம் ஒரு பையாகத் தொங்கிக்கொண்டிருந்தது.’

படித்துவிட்டு அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். “அது மரணம் இல்லப்பா, மூத்திரம். நிறைஞ்சா போய்க் கொட்டிட்டு வந்துடுவேன்.”

வரியை அடித்தேன். (நல்ல வரிதான். வேறு யாருக்காவது உதவும்.)

2.
அடுத்து, கதாநாயகன் மீதே சந்தேகம் வந்தது. ஒரு மனிதர் இவ்வளவு கலகலப்பாகவா இருப்பார்? யார் நம்புவார்கள்? அக்காவைக் கேட்டேன்.

“ஆரம்பத்துல எங்க இப்படி இருந்தார்? ஒருநாள் பையோட ஒட்டு விட்டுப்போய் படுக்கையெல்லாம் நனைஞ்சுபோச்சு. மறுநாள்லேருந்து ஹால்ல போய்ப் படுத்துக்கிட்டார். நானும் தலையணையைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்கே போயிட்டேன். ‘துவைக்கப்போறது மெஷின். உங்களுக்கென்ன கவலை?’ன்னு கேட்டேன்.”

இங்கே அவர்களுடைய காதலைப் பற்றி ஒரு பத்தி வரவேண்டும்: அதன்பிறகு அந்த ஹாலில் இருவரும்…

வேண்டாம். அக்கா படிப்பாள்.

3.
வேலைக்குத் திரும்பிய அத்தான் குளத்தில் இறங்கவே இல்லை. சட்டை போட்டுக்கொண்டு, கரையில் நின்று கத்தியே கற்றுக்கொடுத்தார். ஒட்டு தண்ணீரைத் தாங்கும், தாராளமாக நீந்தலாம் என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

“குளத்துல கழண்டுட்டா? அத்தனை பேரும் அலறியடிச்சு வெளிய ஓடுவாங்க. அப்புறம் என்கிட்ட யார் கத்துக்க வருவா?” என்பார்.

கரையில் விழுந்த மீனைப்போல… (இதையும் அடித்தேன். அத்தானின் தொப்பைக்கு மீன் ஒப்புக்கொள்ளாது.)

பெரியவர்கள் வகுப்பில் ஒரு வக்கீலம்மா இருந்தார். ஆழமான பக்கம் போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

“கரையில நின்னுக்கிட்டு யார் வேணா தைரியம் சொல்லலாம் சார். நீங்க இறங்குங்க, நான் வரேன்.”

அத்தான் ஏதேதோ சொல்லிப் பார்த்தார். வக்கீலம்மா ஓரத்துக் கம்பியை விடவில்லை. வகுப்பு மொத்தமும் இவரையே பார்த்தது. கடைசியில் சட்டையைக் கழற்றினார்.

“என்ன சார் அது?”

“சிறுநீர்ப் பைம்மா. உள்ள இருந்தது கெட்டுப்போச்சு. வெளிய ஒண்ணு மாட்டியிருக்கேன்.”

வக்கீலம்மா கொஞ்சம் யோசித்தார்.

“அப்போ, இந்தக் குளத்துல ஒண்ணுக்கே போனதில்லைன்னு கோர்ட்ல சத்தியம் பண்ணக்கூடிய ஒரே ஆள் நீங்கதான்!”

குளமே சிரித்தது. ஓரிருவர் மட்டும் கூரையைப் பார்த்தார்கள். (ஏன் என்று நான் விசாரிக்கவில்லை.)

அத்தான் குதித்தார். அந்தக் கோடியைத் தொட்டுத் திரும்பினார். ஒட்டு அப்படியே இருந்தது. கரையேறித் துடைத்துக்கொள்ளும்போது கண் சிவந்திருந்ததாம். குளோரின் என்கிறார். சரி, குளோரின் என்றே இருக்கட்டும்.

4.
இனி முடிவு. முதல் முடிவில், அடுத்த ஸ்கேன் சுத்தமாக வருகிறது, அனைவரும் மகிழ்கிறார்கள். இரண்டாவது முடிவை நான் வாய்விட்டுச் சொல்வதற்குள் அக்கா முறைத்தாள்.

“ஸ்கேன் அடுத்த மாசம். அது வர்றப்போ வரட்டும். நேத்து நடந்ததை எழுதேன்” என்றார் அத்தான்.

நேற்று நடந்தது இது. தண்ணீர் என்றாலே நடுங்கும் அக்கா, நீச்சல்காரரோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் கால் நனைக்காத அக்கா, குளத்தில் இறங்கினாள். இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். சற்றுத் தள்ளி, அத்தான் கைகளை நீட்டியபடி நிற்கிறார்.

“விடு.”

“விட்டா பிடிப்பீங்களா?”

“பிடிக்காம?”

“முழுகிட்டேன்னா?”

“இந்தத் தண்ணியிலயா? மார் வரைக்கும்தானே இருக்கு!”

அக்கா ஒரு கையை எடுத்துவிட்டாள். இன்னொரு கை சுவரில் இருக்கிறது.

அடுத்து என்ன ஆனது என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நீங்களும் கரையில்தான் நிற்கிறீர்கள். அவளிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் இப்போதே, கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.